இடது கை

இடது கையை மட்டும் படம் எடுத்தார்கள்.
வலது கைதானே எழுதுது என்றாள் எஸ்லின்.
எலும்புக்கு வயசு பார்க்க இது போதும் பாப்பா
என்றார் படம் எடுத்தவர்,
அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே.

அவளுக்கு ஏழு வயது எட்டு மாதம்.
எலும்புக்குப் பத்தரை.
நடுவில் மூன்று வருடம் எங்கே போயிற்று என்று
மேட்டுப்பாளையத்திலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன்.
பர்லியாறு தாண்டி நாலாவது வளைவில்
அவள் வாந்தி எடுத்தாள்.
முதுகைத் தடவினேன்.
ஏழு வயது முதுகு.

டிசம்பரில், புல்லெல்லாம் உறைபனி வெளுத்த ஒரு காலை,
நெஞ்சு வலிக்குதும்மா என்றாள்.
சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன்.
சளியில்லை.

தலைக்குள்ளும் படம் எடுத்தாகிவிட்டது.
கட்டி இல்லை.
காரணமும் இல்லை.

டாக்டர் ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்தார்.
ஊசி போடாவிட்டால் நாலடி எட்டில் நின்றுவிடலாம்.
போட்டால் கொஞ்சம் கூடலாம்.
பதினோரு வயது வரை போடலாம்.
ஆறு மாதம் பொறுத்தும் பார்க்கலாம்.
கோயம்புத்தூரிலிருந்து கேத்திக்கு
நான் சுமந்து வந்தது அந்த நாலு 'லாம்'தான்.
ஆறு மாதம் என்றால்
அவள் எலும்புக்கு எத்தனை மாதம்?
அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

நான் ஊசி ஆலையில் வேலை பார்க்கிறேன்.
தையல் ஊசிக்குக் காது திறந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை.
வளைந்தது, காது அடைந்தது, முனை மழுங்கியது.
தள்ளவா வைக்கவா என்று சொல்ல
அரை நொடி போதும் எனக்கு, பதினோரு வருடமாக.
இன்று ஒரே தட்டை மூன்று முறை பார்த்தேன்.
பிலோமி ஒன்றும் கேட்கவில்லை.
தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பழுக்க ஒரு மருந்து, பழுக்காமலிருக்க ஒரு மருந்து,
கேரட்டுக்கு நாம அடிக்கிறது பத்தாதா
என்கிறார் தேவசகாயம்.
ராத்திரி இரண்டு மணிக்குக்
கேரட் கழுவும் மெஷினுக்கு லோடு கொண்டுபோகிறவர்.
மருந்து வாடையை என்னைவிட அதிகம் அறிந்தவர்.
ஊசியின் விலையை அவர் கேட்கவே இல்லை.
நான்தான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
பெருக்கிப் பார்த்தேன்.
பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்தேன்.

நாத்தனார் ஃபோனில் சிரிக்கிறாள்:
இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி,
பந்தல் போட்டுடலாம் அண்ணி.
ஐந்தாவது லாம்.

பூப்பு என்கிறது சொல்.
பூவை வைத்து யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்.
பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பதைப் பற்றியும் வேண்டாம்.
இது இரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு,
ஏழாம் வாய்ப்பாட்டில் நாற்பத்தொன்பதோடு நின்றுவிடும் பிள்ளை.

அவளுக்கு என்னவோ சந்தோஷம்தான்.
வகுப்பில் அவள்தான் உயரம்.
கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பு வேஷம்
அதனால்தான் கிடைத்தது.
ஒட்டுத்தாடியை இன்னும் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.
இப்போது முந்தி வளர்கிறவள்
பிறகு எல்லாரையும்விடக் குள்ளமாக நிற்பாள் என்பதை
எந்த வாய்ப்பாட்டில் வைத்துச் சொல்ல?

ராத்திரி, ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றும்போது
கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.
ஊசி போட்டுக்கறியா?
ஸ்வெட்டருக்குள்ளிருந்து குரல் வந்தது:
எத்தனை?
மூணு மாசத்துக்கு ஒண்ணு. பதினோரு வயசு வரைக்கும்.

கட்டிலில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.
இடது கை முடிந்தது.
வலது கை முடிந்தது.
அப்புறம் என் கையை இழுத்து
மூன்று விரலை மடக்கி
அப்படியே பிடித்துக்கொண்டு
மேல்வரிசையில் ஆடுகிற பால்பல்லை
நாக்கால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.